பச்சைக் கதவுக்கு ஒரு வளையம்

மப்ளர் சாமியைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு கேள்வியோடு வருவார்கள். திரும்பும்போது ஒரு வேலையோடு போவார்கள். பதில் கேட்டு வந்த ஆளுக்கு வேலையைக் கொடுத்தால் யாருக்குப் பிடிக்கும்? பாதிப் பேர் மறுபடி தலைகாட்டுவதில்லை. அதனால் எங்கள் ஆசிரமத்தில் எப்போதும் சோறு மிஞ்சும்.

நான் அங்கே சமையல். பேர் தெய்வானை, சொந்த ஊர் மேட்டுப்பாளையம். ஆசிரமம் கோத்தகிரிக்கு மேலே, தேயிலைச் சரிவில் இருக்கிறது. சாமிக்கு வயது நாற்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். வெயிலடித்தாலும் கழுத்தில் மப்ளர் இருக்கும். அவருக்குப் பெரிய பேர் ஒன்று உண்டு. அதைச் சொன்னால் ஆட்டோக்காரர்கள் முழிப்பார்கள். மப்ளர் சாமி என்றால் வாசலில் கொண்டுவந்து இறக்குவார்கள்.

வைத்தியலிங்கம் ஐயா அவருடைய சீடர். குருவைவிட இருபது வயது மூத்தவர். சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் எங்களுக்கு அவர் ரிஜிஸ்டிரார் ஐயா. எதுவும் முறைப்படி நடக்க வேண்டும் அவருக்கு. சாமியிடம் தீட்சை கேட்டபோதுகூட, 'பொருள்: தீட்சை வேண்டுதல்' என்று தலைப்புப் போட்டு மனு எழுதித்தான் கொடுத்தார். சாமி அதை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். மேசை இப்போது ஆடுவதில்லை.

கார்த்திகை முடிகிற சமயம். ரிஜிஸ்டிரார் ஐயா வந்து சாமி முன்னால் உட்கார்ந்தார். நான் ஓரமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"சாமி, தியானத்துல கண்ணை மூடினா ஒரு கதவு தெரியுது."

"சரி."

"சாத்தின கதவு. தினமும் அதேதான். அந்தப் பக்கம் போக முடியலை. ஞான வாசல்னு சொல்றாங்களே, ஒருவேளை அதுவா இருக்குமோன்னு."

"என்ன கலர்?"

"கதவா?"

"ஆமா."

ஐயா கண்ணை மூடிப் பார்த்தார். "பச்சை."

"தாழ்ப்பாள்?"

"பித்தளை. பக்கத்துல ஒரு சின்ன மணி தொங்குது."

சாமி என் பக்கம் திரும்பினார். "தெய்வானக்கா, பச்சைக் கதவு, பித்தளைத் தாழ்ப்பாள், மணி. எங்க இருக்கு?"

"கீழ் வளைவுல, கோமளம்மா வீடுங்க," என்றேன்.

ரிஜிஸ்டிரார் ஐயா முகம் சுண்டிப்போய்விட்டது. கோமளம்மா அவருடைய கூடப்பிறந்த தங்கச்சி.

இந்தக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கோமளம்மா சின்ன வயதில் டீ ஃபேக்டரி கிளார்க் அருள்தாஸை விரும்பினார். அவர் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், இவர்கள் முருகனைக் கும்பிடுகிற குடும்பம். அப்பா அரிவாளைத் தூக்கிவிட்டார். இந்த அண்ணன்தான் தங்கச்சியைத் தன் ஆபீசுக்கே கூட்டிப்போய், தானே பக்கத்தில் நின்று, கல்யாணத்தைப் பதிவு செய்துவைத்தவர். அப்பா ரெண்டு வருஷம் அவரோடு பேசவில்லை. அதற்கெல்லாம் அசராத மனுஷன்.

பிறகு அவர் மகனுக்குக் கல்யாணம் வந்தது. அத்தைக்காரி முன்னால் நிற்காமல் ஒரு கல்யாணம் உண்டா? அண்ணனும் அண்ணியும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பூவோடு படியேறி வந்து, நீதான் எல்லாத்தையும் எடுத்துச் செய்யணும் என்று கூப்பிட வேண்டும். கோமளம்மா வீட்டை வெள்ளையடித்துக் காத்திருந்தார்.

ஐயா பத்திரிகையைத் தபாலில் அனுப்பினார்.

"சாதாத் தபால்னா தப்புதான்," என்பார் ஐயா இன்றைக்கும். "ஊருக்கெல்லாம் சாதாத் தபால். தங்கச்சிக்கு மட்டும் பதிவுத் தபால். ஒப்புதல் அட்டையோட. அதைவிட மரியாதை என்ன இருக்கு?"

கோமளம்மா கையெழுத்துப் போட்டுத் தபாலை வாங்கிக்கொண்டார். கல்யாணத்துக்குப் போகவில்லை. அவள் மன்னிப்புக் கேட்கட்டும் என்றார் ஐயா. அண்ணன் வரட்டும் என்றார் கோமளம்மா. நடுவில் அண்ணி இறந்தபோது கோமளம்மா வந்து வாசலில் நின்று கதறி அழுதுவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனார். மனைவி போன பிறகு ஐயா நிம்மதியைத் தேடிக் கிளம்பினார். தேசம் முழுக்க ஆசிரமம் கிடக்கிறது. இவருக்கு வாய்த்தது தங்கச்சி வீட்டுக்கு நேர் மேலே. கேட்டால் தற்செயல் என்பார். எனக்குச் சிரிப்பு வரும், கீரையைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.

"அந்தக் கதவுல இப்ப என்ன மாட்டியிருக்கு?" என்று கேட்டார் சாமி.

"ஒண்ணும் இல்லீங்க," என்றேன். "வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பச்சை இலையும் காய்ஞ்ச பழமும் வெச்சு வளையம் கட்டி மாட்டுவாங்க. இந்த வருஷம் கை மூட்டெல்லாம் வீங்கிக் கெடக்குது. மார்க்கெட்ல பார்த்தேன், பை தூக்க முடியலை. வளையம் கட்டலைன்னாங்க. வருத்தந்தான் அவங்களுக்கு."

ரிஜிஸ்டிரார் ஐயா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீங்க ஒண்ணு கட்டுங்க," என்றார் சாமி.

"நானா?"

"கதவு உங்களுக்குத்தானே தெரியுது."

"சாமி, நான் வளையம்னு பார்த்ததெல்லாம் செத்தவங்களுக்கு வைக்கிற மலர் வளையம். ஆபீஸ் சார்பா ரெண்டு மூணு தடவை வெச்சிருக்கேன்."

"அது பூ. வாடிப்போகும். இது காய்ஞ்ச பழம். இதுக்கு மேல வாடறதுக்கு அதுல என்ன இருக்கு?"

ஐயா அதைப் பெரிய தத்துவம் என்று நினைத்து எழுந்து கும்பிட்டார். சாமி எழுந்து வெந்நீர் போடப் போய்விட்டார்.

மறுநாளே என் இட்லிக் குண்டா மூடியைக் காணோம். தேடிக்கொண்டு போனால், ஐயா அதைத் தரையில் கவிழ்த்துப் போட்டு, சுற்றிலும் உண்ணிச்செடிக் குச்சியை வளைத்துக்கொண்டிருந்தார். வட்டம் வட்டமாகவே இருக்க வேண்டுமாம். மூடி திரும்பி வருகிறவரை நான் தாம்பாளத்தைக் கவிழ்த்துத்தான் இட்லி அவித்தேன். ஆவி எல்லாம் ஓரமாகப் போய், இட்லி கல்லு மாதிரி வந்தது. சாமி ஒன்றும் சொல்லாமல் தின்றார். அவர் ஞானி என்று எனக்கு உறுதியானது அன்றைக்குத்தான்.

குச்சி வளையத்தில் சைப்ரஸ் கிளையும் பெரணியும் மாற்றி மாற்றிக் கட்டினார். பைன் காய்க்கும் யூகலிப்டஸ் காய்க்கும் தனியாக இடம் விட்டார். கட்டினதை எடுத்துக்கொண்டு சாமியிடம் போனார்.

"சாமி, நடுவுல இந்த வெற்றிடம் இருக்கே. சூனியம். இதுதான் இதோட உட்பொருளா?"

சாமி வளையத்தை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்து அதன் வழியே ஐயாவைப் பார்த்தார்.

"கதவுல ஒரு கண்ணாடி ஓட்டை இருக்கும். வந்திருக்கறது யாருன்னு உள்ள இருந்து பார்க்கறதுக்கு. அதை மறைக்கக் கூடாதுல்ல."

ஐயா வளையத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்தது பழம். ஆரஞ்சை வட்ட வட்டமாக அரிந்து காயவைக்க வேண்டும். ஐயா சமையல்கட்டுக்கு வந்து நின்றார்.

"ஏம்மா தெய்வானை, அரிஞ்சதைக் காயவைக்கறதுன்னா எப்படி?"

"உப்புப் போட்டுப் பெரட்டணும். கொஞ்சம் மொளகாய்ப்பொடி. ஒரு ராத்திரி ஊறணும். அப்புறம் வேட்டித்துணியில பரத்தணும்."

"உப்பு எதுக்கு?"

"உப்பில்லாம எதுங்க காயும்? பூத்துப் போயிரும்."

அவர் கேட்டார், நான் சொன்னேன். கத்தரிக்காயோ சுண்டைக்காயோ என்று நினைத்தேன். ஆரஞ்சு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சொன்னதை அப்படியே செய்தார். பின்கட்டில் வேட்டியை விரித்து, ஒவ்வொரு துண்டையும் வரிசை பிசகாமல் அடுக்கி, காக்காய் வராமல் கறுப்புக் குடையை விரித்து வைத்தார்.

காக்காய் வரவில்லை. காட்டெருமை வந்தது. எங்கள் பக்கம் அது தெருநாய் மாதிரி சகஜம், அளவுதான் லாரி அளவு. உப்பென்றால் அதற்கு உயிர். தேயிலைக்குள்ளிருந்து இறங்கி வந்து, குடையை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு வரிசை முழுக்க நக்கித் தின்றது. நான் கரண்டியோடு ஓடினேன், அது திரும்பிப் பார்த்ததும் கரண்டியோடு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். சாமி ஜன்னல் வழியே வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சம் காய்ந்தது. ஒரு துண்டை வாயில் போட்டேன். அடேயப்பா, புளிப்பும் உப்பும் உறைப்பும். மத்தியானம் தயிர்சாதத்துக்கு நாலு துண்டு வைத்தேன். சாமி இன்னும் நாலு கேட்டார்.

ரிஜிஸ்டிரார் ஐயா வந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"சாமி, அது கதவுக்கு."

"கதவு தயிர்சாதம் சாப்பிடாதே," என்று சொல்லிவிட்டு சாமி இன்னொரு துண்டை எடுத்துக் கடித்தார்.

மிச்சத்தை நான் ஜாடியில் போட்டு மூடினேன். ஐயா மறுபடி ஆரஞ்சு வாங்கிவந்தார். இந்தத் தடவை நானே கூட உட்கார்ந்து மெல்லிசாக அரிந்து கொடுத்தேன். வெளியே பனிமூட்டம், வெயில் என்று ஒன்று எட்டிப் பார்க்கவில்லை. அடுப்புக்கு மேலே கம்பித் தட்டில் பரப்பி, கங்குச் சூட்டில் மெள்ள மெள்ளக் காயவிட்டோம். ஐயா பக்கத்திலேயே உட்கார்ந்து திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். சமையல்கட்டு முழுக்க அந்த வாசனை. மூட்டுவலி வந்தவளுக்குக்கூட எழுந்து ஆடத் தோன்றும், அப்படி ஒரு வாசனை.

"சின்ன வயசுல," என்று ஆரம்பித்தார் ஐயா, என்னைப் பார்க்காமல். "கோமளம் ஆரஞ்சுத் தோலை மடக்கி என் கண்ணுல பீச்சுவா. நான் கத்துவேன். அம்மா வந்து என்னைத்தான் திட்டுவாங்க."

"ஏனுங்க உங்களை?"

"மூத்தவன்ல."

சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பாவமாக இருந்தது எனக்கு. இவ்வளவு பிரியத்தை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் மேலே உட்கார்ந்திருக்கிறாரே, கூப்பிடு தூரத்தில் தங்கச்சி இருக்கிறாளே என்று மனசு அடித்துக்கொண்டது.

வளையம் முடிந்தது. பொய் சொல்லக் கூடாது, அழகென்றால் அழகு. பச்சைக்கு நடுவே ஆரஞ்சுத் துண்டுகள், வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி மாதிரி தெரிந்தன. கிறிஸ்துமஸுக்கு இன்னும் ரெண்டு நாள் இருந்தது. ஐயா அதை ஏந்திக்கொண்டு சாமியிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"நல்லா வந்திருக்கு," என்றார் சாமி.

"பால் ஜீப் நாளைக்குக் காலையில கீழே போகும். போஜன்கிட்ட குடுத்து அனுப்பிடலாம்னு இருக்கேன்."

"அனுப்பலாமே," என்றார் சாமி. "ஒப்புதல் அட்டை வாங்கிக்கச் சொல்லட்டுமா?"

ஐயா காது சிவந்துவிட்டது.

"எனக்கு முழங்கால் வலி சாமி. கீழே இறக்கம்."

"தினமும் காலையில குன்றைச் சுத்தி வர்றீங்களே."

"அது சமதளம்."

குன்றில் எங்கே சமதளம் இருக்கிறது? ஐயா போஜனிடம் சொல்லியும் விட்டார். போஜன் ஜீப் ஓட்டுகிற படுகர், பேரன் எடுத்தவர், ஆனால் வாயில் ஒன்றும் தங்காது. அன்றைக்கே பால் கொண்டுபோனபோது கோமளம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார், உங்கள் அண்ணன் கதவுக்கு ஒன்று அனுப்பப் போகிறார் என்று.

"என்ன சொன்னா?" என்றார் ஐயா.

"ஒண்ணும் சொல்லலைங்க ஐயா. போய் ஒரு துணியை நனைச்சுட்டு வந்து கதவைத் துடைச்சாங்க."

ஐயா அதற்குப் பிறகு அன்றைக்குச் சாப்பிடவில்லை. போவார் என்று நினைத்தேன். போகவில்லை. வளையத்தை ஒரு காகிதப் பெட்டியில் வைத்துப் பார்த்தார். 'திருமதி கோமளவல்லி அருள்தாஸ் அவர்களுக்கு' என்று முத்து முத்தாக எழுதி ஒட்டினார். பிறகு பெட்டிக்குள் இலை புழுங்கிவிடும் என்று வளையத்தை எடுத்து சாமான் அறைக்குள் ஆணியில் மாட்டி, கதவுக்குக் கொக்கி போட்டுவிட்டுத் தூங்கப் போனார்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலையில் நான் எழுந்து பின்கட்டுக்குப் போனால், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வளையம் கிடக்கிறது. வளையம் என்ன வளையம், குச்சிதான் மிச்சம். பெரணி இல்லை, ஆரஞ்சு இல்லை. நாலைந்து சைப்ரஸ் கிளை பிய்ந்து தொங்கியது. ஒரே ஒரு ஆரஞ்சுத் துண்டு பாதி கடித்தபடி ஒட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஈர மண்ணில் தட்டுத் தட்டாகக் குளம்புத் தடம்.

ஐயா வந்து பார்த்தார். அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, பனியில பசுமையா இருக்கட்டும்னு நீ வெளியில வெச்சியா?"

"நான் ஏனுங்க வெக்கறேன்? நீங்கதான் வெச்சிருப்பீங்க."

"நான் கொக்கி போட்டுட்டுப் போனேன்."

"அப்ப எறங்கி வந்துதாக்கும் அதுவா?"

சண்டைச் சத்தம் கேட்டுச் சாமி வந்தார். வேட்டி முழங்கால் வரை பனியில் நனைந்திருந்தது. சீக்கிரம் எழுந்து நடக்கப் போயிருந்தாராம். வேறொரு வயிற்றெரிச்சல் எனக்கு. என் ஜாடியில் இருந்த உப்பு ஆரஞ்சு துடைத்த மாதிரி காலி. தயிர்சாதத்துக்கு ஒரு துண்டு மிச்சம் வைக்கக் கூடாதா மனுஷன் என்று மனசுக்குள் வைதேன். குருவை வெளியே திட்ட முடியுமா?

"கடவுளுக்கு விருப்பமில்லை சாமி," என்றார் ஐயா. "தடுத்துட்டார்."

"கடவுளா?" சாமி குனிந்து தடத்தைப் பார்த்தார். "காட்டெருமை மாதிரி தெரியுது."

வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. போஜன் வந்துவிட்டார்.

"இல்லைன்னு சொல்லி அனுப்பிடுங்க," என்றார் ஐயா.

"அவங்க கதவைத் துடைச்சு வெச்சிருக்காங்க," என்றேன் நான். எனக்குப் பொறுக்கவில்லை. "அனுப்பறேன்னு சொல்லிட்டு அனுப்பலைன்னா, அது தபாலைவிட மோசமுங்க."

ஐயா வளையத்தைத் தூக்கிப் பார்த்தார். "இதையா அனுப்பறது? இதைப் பார்த்தா யாருக்கோ வெச்ச மலர் வளையத்தைப் பூவெல்லாம் உதிர்ந்ததும் பொறுக்கிட்டு வந்த மாதிரி இருக்கு. அண்ணன் எனக்குச் சாவு வளையம் அனுப்பிட்டான்னு நினைப்பா. அதோட முடிஞ்சது."

"ஆமா," என்றார் சாமி. "நினைப்பாங்க."

"கூட ஒரு ஆள் போய் நடந்ததை விளக்கிச் சொல்லணும்."

"சொல்லணும்."

"போஜன் சொல்லுவாரா?"

"போஜன் சொன்னா காட்டெருமை உங்களையே தின்னுடுச்சுன்னு முடிப்பார்."

ஐயா என்னைப் பார்த்தார். நான் மார்க்கெட்டுக்குக் கீழே போகிறவள்தான். வாய் இருக்கிறவளும்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு ஞானம் வந்தது.

"எனக்குப் புது ஆளுங்ககிட்ட பேச வராதுங்க," என்றேன்.

சாமி மப்ளரை இழுத்து வாயை மூடிக்கொண்டார். குளிருக்குத்தான் என்று வைத்துக்கொள்வோம்.

ஐயா வெகுநேரம் அந்தக் குச்சி வளையத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஜீப்பில் முன்னால் ஏறி உட்கார்ந்தார். நான் கூடையோடு பின்னால், பால் கேன்களுக்கு நடுவில் ஏறிக்கொண்டேன். இதைப் பார்க்காமல் விட்டால் நான் எதற்குப் பிறந்தேன்?

பச்சைக் கதவு பளபளவென்று இருந்தது. நடுவில் ஆணி மட்டும் தனியாக நின்றது. ஐயா மணியை அடிக்கக் கையைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். நானே அடித்திருப்பேன், கூடையில் கை மாட்டிக்கொண்டது.

மணி அடித்தது. உள்ளே செருப்புச் சத்தம் வந்து நின்றது. கதவில் இருந்த கண்ணாடி ஓட்டை இருண்டது. ஐயாவுக்கு என்ன தோன்றியதோ, வளையத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து பார்த்தால் குச்சி வளையத்துக்குள் அண்ணன் முகம் தெரிந்திருக்கும்.

கதவு திறக்க நேரமானது. வீங்கின கையால் பித்தளைத் தாழ்ப்பாளை இழுக்கிற சத்தம் கேட்டது. கோமளம்மா நின்றார். தலை பாதி நரைத்திருந்தது. அண்ணனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன், தபால்காரர் வரலையா?"

நான் கூடைக்குள் பார்த்துக்கொண்டேன்.

"இல்லை," என்றார் ஐயா. "நானே வந்தேன்."

"இது என்ன?"

"வளையம். காட்டெருமை தின்னுடுச்சு. நல்லாத்தான் கட்டியிருந்தேன் கோமளம். தெய்வானையைக் கேளு. ஆரஞ்செல்லாம் வெச்சு, சைப்ரஸ் ஒண்ணு பெரணி ஒண்ணுன்னு. இது சாவு வளையம் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். நீ தப்பா எடுத்துக்கக் கூடாதுன்னு." மூச்சு வாங்கியது அவருக்கு. "அன்னிக்கும் நான்தான் வந்திருக்கணும். தப்பு என்னுதுதான்."

கோமளம்மா அந்தக் குச்சி வளையத்தை வாங்கினார். கடிபட்ட ஆரஞ்சுத் துண்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அப்படியே ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு எட்டு பின்னால் நின்று பார்த்து, கோணலாக இருந்ததை நேராக்கினார்.

"வீட்டுக்கு வந்துட்டு வாசல்ல நின்னா என்ன அர்த்தம்?" என்றார். "உள்ள வாண்ணே."

உள்ளே மேசையில் கிறிஸ்துமஸுக்கு வாங்கின பழமெல்லாம் இருந்தது. அருள்தாஸ் ஐயா எழுந்து வந்து மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கோமளம்மா ஒரு ஆரஞ்சை எடுத்துக் கஷ்டப்பட்டு உரித்தார். அண்ணனுக்குச் சுளை கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். தோலை மடக்கினார், அண்ணன் கண்ணுக்கு நேராக வைத்துப் பீச்சினார்.

ஐயா கத்தினார். கண்ணைக் கசக்கிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். தோல்சாறு எரிகிறது என்றார். ஒரு கண்ணில்தான் பட்டது, ரெண்டிலும் ஓடியது. கோமளம்மாவுக்கு யாரும் ஒன்றும் பீச்சவில்லை, அவருக்கும் ஓடியது. நான் கூடையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டேன். எனக்குக் கண்ணைத் துடைக்க முந்தானை இருந்தது.

ஐயா அன்றைக்குத் திரும்பவில்லை. மறுநாளும் வரவில்லை. புது வருஷமெல்லாம் கழிந்து, தூக்குப்போசியில் கேக்கும் கல்கல் பலகாரமும் எடுத்துக்கொண்டு, மலையை நடந்தே ஏறி வந்தார். முழங்கால் வலி எங்கே போனதென்று நான் கேட்கவில்லை. சாமி முன்னால் உட்கார்ந்தார். தீட்சையைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை.

"சாமி, இப்ப கண்ணை மூடினா கதவு தெரியலை."

"சரி."

"ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு. அந்த வளையத்தை நான் சாமான் அறைக்குள்ளதான் மாட்டினேன். கொக்கி போட்டேன். அது எப்படி வெளியே வந்துச்சு?"

சாமி ஒரு கல்கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"கொக்கியை எடுத்தது நான்தான்."

நான் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினேன்.

"சரி சாமி, நீங்க வெளியே வெச்சீங்கன்னே இருக்கட்டும். அன்னிக்கு அந்தக் காட்டெருமை வரும்னு என்ன நிச்சயம்?"

"நிச்சயமில்லைதான்," என்றார் சாமி. "அதனாலதான் தெய்வானக்கா ஜாடியை எடுத்துக்கிட்டு, பனியில தேயிலைக்காடு வரைக்கும் நடந்து, நானே நேர்ல போய்க் கூப்பிட்டேன். தபால்ல போட்டா வந்திருக்குமா?"